ரெண்டு லட்சம் ஓடிய வண்டியில் நாலு சக்கரமா, பின்சக்கரமா?

தம்பி கேட்டிருப்பது இதுதான். கடலூரில் வேலை, சொந்த ஊர் பண்ருட்டிக்கு உள்ளே, மாதம் ரெண்டு தடவை சென்னை. பழைய ஃபார்ச்சூனர் ரெண்டு பார்த்து வைத்திருக்கிறார். ஒன்று 2012 மாடல் ஃபோர் பை ஃபோர், அதாவது நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் வேலை போகிற வண்டி, 1.9 லட்சம் கிலோமீட்டர் ஓடியது, பிஒய் 01 நம்பர். இன்னொன்று 2013 மாடல் ஃபோர் பை டூ, அதாவது பின்சக்கரத்துக்கு மட்டும் எஞ்சின் வேலை போகிற வண்டி, 2.2 லட்சம் ஓடியது, டிஎன் 31 நம்பர். விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரே காசுக்கு நாலு சக்கரம் கிடைக்கும்போது ரெண்டு சக்கரத்தை ஏன் வாங்க வேண்டும், மழைக்காலத்துக்கும் அதுதானே பாதுகாப்பு என்கிறார்.

நான் புதுச்சேரிக்காரன். நாலு சக்கரத்துக்கும் எந்நேரமும் எஞ்சின் வேலை போகிற வண்டி ஒன்றை ஆறு வருஷம் வைத்திருந்து விற்றவன், இப்போது ஓட்டுவது பின்சக்கர வண்டி. நேராகச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் சொல்லும் ஓட்டத்துக்குப் பின்சக்கர வண்டியையே எடுங்கள், அது 30 ஆயிரம் கிலோமீட்டர் கூடுதலாக ஓடியிருந்தாலும் பரவாயில்லை. ஆனால் காரணம் தெரியாமல் எடுத்தால் ஆறு மாதம் கழித்து மனசு அரிக்கும், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் மழைப் பாதுகாப்பு. நாலு சக்கரத்துக்கும் வேலை போகிற வண்டி கிளம்புவதற்கும் ஏறுவதற்கும் உதவும். நிற்பதற்கு அது எந்த உதவியும் செய்யாது, எல்லாக் காரிலும் பிரேக் நாலு சக்கரத்துக்கும்தான் இருக்கிறது. ஐப்பசி மழையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது தேங்கிய தண்ணீர் மேல் வண்டி மிதந்து ஸ்டியரிங் லேசாகிப் போகிறதே, அங்கே காப்பாற்றுவது டயர் பட்டனும் (தரையில் படுகிற அதன் ரப்பர் கட்டைகள்) உங்கள் வலதுகாலும்தான். மொட்டை டயர் போட்ட ஃபோர் பை ஃபோரை விட நல்ல டயர் போட்ட ஃபோர் பை டூ ஆயிரம் மடங்கு தேவலை. சொல்லப்போனால் நாலு சக்கர வண்டியில் ஒரு கெடுதல் உண்டு, வழுக்கும் சாலையிலும் அது வழுக்காமல் கிளம்பிவிடுவதால் சாலை எவ்வளவு மோசம் என்பது ஓட்டுகிறவருக்குத் தெரியாமலே வேகம் ஏறிவிடும். பின்சக்கர வண்டியோ கிளம்பும்போதே வாலை லேசாக ஆட்டி எச்சரித்துவிடும்.

வெள்ளத்தில் இறங்குவதும் அப்படித்தான். காற்று இழுக்கும் குழாய்க்குள் தண்ணீர் ஏறினால் நாலு சக்கரமும் சேர்ந்துதான் நிற்கும்.

பின்சக்கரம் என்றால் ஏதோ குறைந்த சரக்கு என்று ஒரு நினைப்பு நம் ஆட்களிடம் இருக்கிறது. அம்பாசடர் பின்சக்கரம், பத்மினி பின்சக்கரம், சவாரிக்கு ஓடி அஞ்சு லட்சம் ஆறு லட்சம் தாண்டிய பழைய இன்னோவா எல்லாம் பின்சக்கரம். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவையும் தினம் ஏறி இறங்குகிற அரசுப் பேருந்தும் பின்சக்கரம்தான். ஆள் ஏற ஏற எடை பின்னால் உட்காரும், மேட்டில் ஏறும்போது இன்னும் உட்காரும், அப்போது பிடிப்பு தேவைப்படுகிற இடத்தில் பிடிப்பு இருக்கும். ஏழு பேரோடு திருவண்ணாமலை போய்வருகிற குடும்பத்துக்கு இதைவிட எளிமையான அமைப்பு கிடையாது.

அப்புறம், நாலு சக்கரம் என்று பொதுவாகச் சொல்வதில் மூன்று சாதி இருக்கிறது, பழைய வண்டி வாங்கும்போது இதைப் பிரித்துப் பார்க்காமல் பேசவே கூடாது. நீங்கள் பார்த்திருக்கும் முதல் தலைமுறை ஃபார்ச்சூனர் ஃபோர் பை ஃபோர் முழுநேரம் நாலு சக்கரத்துக்கும் வேலை போகிற வகை. அதன் சின்ன லீவரில் எச் (சாதாரண ஓட்டம்), எச்எல் (முன்னையும் பின்னையும் சேர்த்துப் பூட்டியது), எல்எல் (பூட்டியதோடு மெதுவான கியர்) என்று இருக்கும், முன்சக்கரத்தை முழுசாகக் கழற்றிவிட்டு ஓட்டுகிற இடமே அதில் இல்லை. முன்னாலும் பின்னாலும் ஒரு டிஃபரன்ஷியல் (திரும்பும்போது சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு), நடுவில் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் (முன்னுக்கும் பின்னுக்கும் வேலையைப் பிரித்து அனுப்பும் பெட்டி) இன்னொன்று, மூன்றும் வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் வரை எந்நேரமும் வேலை செய்துகொண்டே இருக்கும். 2016 நவம்பரில் வந்த அடுத்த தலைமுறை அப்படி இல்லை, அதில் சாதாரண நேரம் பின்சக்கரம் மட்டும், வேண்டும்போது திருகினால் முன்சக்கரம் சேரும். தார், ஸ்கார்ப்பியோ ஃபோர் பை ஃபோர் எல்லாம் இந்தப் பகுதிநேர வகைதான். மூன்றாவது, டஸ்டர், எக்ஸ்யூவி 500 ஆகியவற்றின் ஆல் வீல் டிரைவ். அடிப்படையில் அவை முன்சக்கர வண்டிகள், முன்னால் வழுக்கினால் ஒரு கிளட்ச் பிடித்துப் பின்சக்கரத்துக்கு வேலையை அனுப்பும்.

ரெண்டு லட்சம் ஓடிய வண்டி என்று வந்துவிட்டால் முழுநேர வகையில் தேய்மானமும் முழுநேரம். 1.9 லட்சம் கிலோமீட்டர் வண்டி ஓடியது என்றால் முன் டிஃபரன்ஷியலும் 1.9 லட்சம் ஓடியிருக்கிறது, டிரான்ஸ்ஃபர் கேஸும் ஓடியிருக்கிறது, முன் ஆக்சில் ஷாஃப்டின் மூட்டுகளை மூடுகிற நாலு ரப்பர் உறையும் அத்தனை வெயிலும் சேறும் பார்த்திருக்கின்றன. ஃபோர் பை டூ வண்டியின் முன்பக்கம் இந்தச் சாமான் எதுவுமே கிடையாது, இல்லாத சாமான் கெட்டுப் போகாது. நீங்கள் கிலோமீட்டரை மட்டும் ஒப்பிட்டு 1.9 பெரிதா 2.2 பெரிதா என்று கேட்கிறீர்கள். அந்த 1.9க்குள் எத்தனை சாமான் ஓடியது, அதில் எத்தனைக்கு யாராவது எண்ணெய் மாற்றினார்கள் என்று கேட்க வேண்டும். நம் ஊரில் சர்வீஸ் என்றால் எஞ்சின் ஆயில், ஃபில்டர், வாட்டர் வாஷ். டிரான்ஸ்ஃபர் கேஸில் ஆயில் என்று ஒன்று இருப்பதே பல ஓனர்களுக்கு அது ஊளையிட ஆரம்பித்த பிறகுதான் தெரியும்.

இனி டயர் கதை, என் சொந்தக் காசு போன கதை. எனது வண்டியும் முழுநேர நாலு சக்கர வகை, எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். பின் டயர் ரெண்டும் தேய்ந்துவிட்டது, முன்னால் ரெண்டும் பாதி இருந்தது, டயர் கடையில் "சார் ரெண்டு போட்டாப் போதும், முன்னாடி இன்னும் 20 ஆயிரம் ஓடும்" என்றார், நானும் மிச்சம் என்று சந்தோஷப்பட்டுப் பின்னால் மட்டும் புதுசு போட்டேன். பத்து மாதம் கழித்து மெதுவாக வளைவில் திரும்பும்போது அடியில் யாரோ பிடித்து இழுப்பது மாதிரி ஒரு தடங்கல், 60க்கு மேல் ஒரு முனகல். டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரித்தபோது ஆயில் கருகின வாசனை அடித்தது. அதைச் சரிசெய்த காசில் நாலு டயரும் மாற்றி அதற்கு மேல் ஒரு செட் வாங்கியிருக்கலாம்.

ஏன் அப்படி ஆகிறது என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபார்ச்சூனருக்கு 265/65, 17 இன்ச் டயர். புதுசாக இருக்கும்போது விட்டம் சுமார் 776 மில்லிமீட்டர், ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 410 சுற்று. பட்டன் 6 மில்லி தேய்ந்தால் விட்டத்தில் 12 மில்லி குறையும், சுற்று 416, 417 என்று ஏறும். ஆக முன்னும் பின்னும் கிலோமீட்டருக்கு ஆறு சுற்றுக்கு மேல் வித்தியாசம். புதுச்சேரியிலிருந்து சென்னை 150 கிலோமீட்டர் என்று வைத்தால் கிட்டத்தட்ட 950 சுற்று. இந்த வித்தியாசம் முழுவதையும் நடுவில் இருக்கிற டிஃபரன்ஷியல்தான் ஒரு நொடி ஓய்வில்லாமல் விழுங்க வேண்டும். வளைவில் திரும்பும்போது சில வினாடி வித்தியாசம் வருவதைச் சமாளிக்கத்தான் அதைச் செய்திருக்கிறார்கள், ரெண்டு மூன்று மணி நேரம் நேர் ரோட்டில் இப்படி ஓட்டுவதற்கு இல்லை. கிளட்ச் வைத்த ஆல் வீல் டிரைவில் இது இன்னும் மோசம், அங்கே கிளட்ச் தகடே உரசிச் சூடாகும். பின்சக்கர வண்டியில் பின் டயர் ரெண்டும் ஒரே மாதிரி இருந்தால் போதும், முன்னும் பின்னும் வித்தியாசம் இருந்தால் யாருக்கும் வலிக்காது. நாலு சக்கர வண்டியில் ஒரு டயர் கிழிந்தால் நாலு டயருக்குப் பட்ஜெட் போட வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

இதிலேயே ஒரு நல்ல சோதனையும் இருக்கிறது. அந்த 2012 வண்டியைப் பார்க்கப் போனால் பெயின்டைப் பார்க்காதீர்கள், குனிந்து நாலு டயரைப் பாருங்கள். நாலும் ஒரே கம்பெனியா, ஒரே மாடலா, பக்கவாட்டில் நாலு எண் இருக்குமே, முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம், அது நாலிலும் கிட்டத்தட்ட ஒன்றா? முன்னால் ஒரு கம்பெனி பின்னால் ஒரு கம்பெனி என்று இருந்தால் அந்த ஓனருக்குத் தான் வைத்திருந்த வண்டி என்ன வண்டி என்றே தெரியாது என்று அர்த்தம். மீட்டரைத் திருப்பிக் கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டலாம், சர்வீஸ் புத்தகத்தில் சீல் குத்தலாம், ஆனால் ஓனரின் குணத்தை டயர் காட்டிக் கொடுத்துவிடும்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய தொல்லை, தண்ணீரும் உப்பும். 2024 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, அடுத்த ரெண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூர்ப் பக்கம் ஊருக்குள் புகுந்தது. அன்றைக்கு நின்ற இடத்திலேயே மூழ்கிய கார்கள் எத்தனை! அவற்றில் பலவற்றைத் துடைத்து சீட் கவர் மாற்றி விற்றிருப்பார்கள். சீட்டுக்கு அடியில் மணல் இருக்கிறதா, பெல்ட்டை முழுசாக இழுத்தால் அடிநுனியில் சேற்றுக் கறை தெரிகிறதா என்று பார்ப்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். நாலு சக்கர வண்டியில் கூடுதலாக ஒன்று உண்டு. ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் ஹவுசிங் (அதை மூடியிருக்கும் இரும்புக் கூடு) திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, மூச்சுவிடும் ஓட்டை வழியாகவோ பழைய ஆயில் சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சிவிடும். ஆயில் பால் காபி நிறத்துக்கு மாறும், பேரிங்கில் துரு பிடிக்கும், மூன்று நாலு மாதம் ஒன்றுமே தெரியாது, அதற்குப் பிறகு ஊளை. பின்சக்கர வண்டியில் இப்படி நடக்க ஒரு ஹவுசிங். உங்கள் 2012 வண்டியில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, டிரான்ஸ்ஃபர் கேஸ் ஒன்று.

உப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, தேவனாம்பட்டினத்திலோ தாழங்குடாவிலோ பத்து வருஷம் நின்ற வண்டியின் அடியைப் பார்த்திருப்பீர்கள். சேஸிஸ் பட்டை, பிரேக் பைப், பிராக்கெட் எல்லாம் செதில் செதிலாக உரியும். ஃபோர் பை ஃபோரில் அந்தச் சின்ன லீவரை வருஷக்கணக்காக யாரும் தொட்டிருக்க மாட்டார்கள், நீங்கள் போய் இழுத்தால் சிமென்ட்டில் புதைத்த மாதிரி நிற்கும். தேவையே இல்லாமல் வாங்கி, பயன்படுத்தாமலே கெட்டுப் போன ஃபோர் பை ஃபோர் நம் கடற்கரையில் ஏராளம்.

சரி, யாருக்குத்தான் நாலு சக்கரம் வேண்டும்? பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கம் இறால் குட்டை வைத்திருக்கிறவர்களுக்கு வேண்டும், அந்தக் களிமண் கரையில் மழை பெய்த மறுநாள் பின்சக்கர வண்டி நின்ற இடத்திலேயே குழி தோண்டும். படகோ வலையோ கட்டி இழுத்துக்கொண்டு மணலில் இறங்குகிறவர்களுக்கு வேண்டும். பண்ருட்டி முந்திரிக்காடா? செம்மண், நல்ல வடிகால், ஒன்றிரண்டு மணல் வாரி தவிர பின்சக்கரமே போகும், டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் அந்த மணலிலும் போகும். உங்கள் அப்பா தோப்புக்குள் டிராக்டர் போகிற தடத்தில் வருஷம் முழுக்க போகச் சொல்கிறார் என்றால் பேச்சு வேறு. அப்போதும் நான் முழுநேர வகையைச் சொல்ல மாட்டேன், பகுதிநேர வகையில் நல்லது ஒன்று தேடச் சொல்வேன். அதில் முன்பக்கச் சாமான் பெரும்பாலும் ஓய்வில்தான் இருந்திருக்கும், டயர் வித்தியாசமும் தார்ரோட்டில் ஒன்றும் செய்யாது. ஒரே கட்டுப்பாடு, காய்ந்த தார்ரோட்டில் நாலு சக்கரத்தைப் போட்டு ஓட்டக் கூடாது.

இன்னொரு விஷயம், வண்டிக்குச் சம்பந்தமில்லாதது மாதிரி தெரியும், ஆனால் உங்கள் கணக்கையே மாற்றும். அந்த ஃபோர் பை ஃபோர் ஏன் இந்த விலைக்குக் கிடைக்கிறது? பிஒய் நம்பர். புதுச்சேரியில் சாலை வரி குறைவு என்று வெளியூர்க்காரர்கள் இங்கே முகவரி காட்டிப் பெரிய வண்டிகளைப் பதிவு செய்தது ஊருக்கே தெரிந்த சங்கதி, 2017இல் கேரளாவில் நடிகர்கள் மேல் வழக்கே வந்தது. கடலூரில் வீடு, கடலூரில் வேலை என்று இருக்கிற நீங்கள் அதை வாங்கினால் புதுச்சேரியிலிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, தமிழ்நாட்டு வரி கட்டி, டிஎன் நம்பர் மாற்ற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் பன்னிரண்டு மாதம்தான் தருகிறது. ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் தினம் கும்பிடு போட்டுக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவீர்கள்? அந்த வரியையும் அலைச்சலையும் சேர்த்தால் ரெண்டு வண்டியும் ஒரே விலை இல்லை. அதோடு 2012 வண்டிக்கு 2027இல் 15 வருஷம் முடிகிறது, ஆர்சி புதுப்பிக்க எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்கிற சோதனை) காட்ட வேண்டும், துருப்பிடித்த சேஸிஸோடு அங்கே போய் நிற்க வேண்டாம். 2013க்கும் அது 2028இல் வரும், ஒரு வருஷம் கூடுதல், அவ்வளவுதான்.

அதற்காக டிஎன் 31 வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடாதீர்கள். பின்சக்கர வண்டிக்கும் நோய் உண்டு. முதல் கியரில் மெதுவாகக் கிளட்சை விடுங்கள், பிறகு ரிவர்ஸ், மறுபடி முதல் கியர். ஒவ்வொரு முறையும் அடியில் "டொக்" என்று கேட்டால் பின் ஆக்சிலுக்கு வேலையைக் கொண்டுபோகிற புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் மூட்டு தேய்ந்திருக்கிறது, அல்லது கிரீஸ் பார்த்து வருஷமாகிறது. இது சின்ன வேலை, விலையில் குறைத்துக் கேட்கலாம். 60லிருந்து 90க்குள் ஒரு ஊளை ஏறி, ஆக்சிலரேட்டரை விட்டதும் சத்தத்தின் ராகம் மாறினால் கிரவுன் பினியன், அதாவது பின் டிஃபரன்ஷியலின் பல்சக்கரங்கள், அது சின்ன வேலை இல்லை. பின் டிரம்மின் உள்பக்கம் எண்ணெய்க் கசிவு தெரிந்தால் ஆக்சில் சீல் போயிருக்கிறது, பிரேக் ஷூவும் ஊறியிருக்கும்.

எஞ்சின் ரெண்டிலும் ஒன்றுதான், மூன்று லிட்டர் டீசல், அதில் டைமிங் பெல்ட் (எஞ்சினுக்குள் வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓட்டுகிற பெல்ட்). 2.2 லட்சத்தில் அது ஒரு தடவையாவது மாறியிருக்க வேண்டும், பில் கேளுங்கள். பில் இல்லையா, மாறவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தக் காசை விலையில் கழியுங்கள். மீட்டரில் அதற்கென்று ஒரு விளக்கு உண்டு, சிலர் பெல்ட்டை மாற்றாமல் விளக்கை மட்டும் அணைத்துவிடுவார்கள், அதனால் விளக்கு எரியவில்லை என்பது சாட்சி ஆகாது.

இவ்வளவு சொன்னபிறகும் மனசு அந்த ஃபோர் பை ஃபோரில்தான் நிற்கிறது என்றால் (நிற்கும், எனக்கும் நின்றது) குறைந்தபட்சம் இதைச் செய்யுங்கள். காலியான மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து மெதுவாக வட்டம் போடுங்கள், ரெண்டு பக்கமும். கடக் கடக் என்றால் முன் ஆக்சில் ஜாயின்ட், இழுத்து இழுத்து நின்றால் நடு டிஃபரன்ஷியல். மண் தரையில் நிறுத்தி எச்எல், எல்எல் ரெண்டுக்கும் லீவர் விழுகிறதா, விளக்கு வருகிறதா, திரும்ப எச்சுக்கு வருகிறதா பாருங்கள். அதற்குப் பிறகு உங்களுக்கு நம்பிக்கையான ஷெட்டில் ஏற்றி முன், பின், நடு என்று மூன்று இடத்திலும் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். மெக்கானிக்குக்கு முன்கூட்டியே சொல்லுங்கள், முதலில் ஆயில் ஊற்றும் போல்ட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் வடிக்கும் போல்ட்டில் கை வைக்க வேண்டும். மேல் போல்ட் துருவில் இறுகிக் கிடந்து, கீழே வடித்தாயிற்று என்றால் திரும்ப ஊற்ற வழியில்லாமல் அடுத்தவன் வண்டியோடு ஷெட்டில் உட்கார்ந்திருப்பீர்கள். ஓனர் வடிக்க விடமாட்டேன் என்றால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ரெண்டில் எதைப் பார்க்கப் போனாலும் காலையில் போங்கள், வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் அன்றைக்கு டீ மட்டும் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.